நான்கு பேரையும் பெயர் சொல்லி நினைவுகூருங்கள்

தாணே மறைசாட்சிகள் விழா மலர்க் குழுவின் வணக்கத்துக்குரிய தந்தையர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மும்பைக்கு அருகே தாணேயில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட பிரான்சிஸ்கன் துறவிகளை இந்த ஆண்டு மலரிலும் 'அருளாளர் தொலெந்தினோ தோமாவும் தோழர்களும்' என்றே போட்டிருக்கிறீர்கள். தோழர்களின் பெயர்களைச் சேர்க்கச் சொல்லி முன்பே எழுதியிருந்தேன். பக்கத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. அதே மலரில் வாழ்த்துரைகளுக்கு மட்டும் பக்கம் பக்கமாக இடம் இருந்தது.

தோமாவைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. துறவிக்கு ஏழ்மையே வாழ்வு என்று பிடிவாதமாக நின்றதால் சொந்தப் பிரான்சிஸ்கன் சபையின் சிறையிலேயே கிடந்தவர் அவர். பிறகு அர்மேனியா போனார். சீனத்தில் மறைப்பணி செய்த பிரான்சிஸ்கன் துறவி மொந்தெகொர்வினோ யோவான் அங்கிருந்து எழுதிய கடிதத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் 1307இல் திருத்தந்தை ஐந்தாம் கிளமெந்து முன் பேசினார். 1894இல் பதின்மூன்றாம் லியோ அவருக்கு அருளாளர் வணக்கத்தை உறுதிசெய்தது முற்றிலும் தகும்.

ஆனால் 1321 ஏப்ரலில் தாணேயில் இறந்தவர்கள் நான்கு பேர். தோமாவோடு பதுவா யாக்கோபு, சியன்னா பேதுரு, அப்புறம் திப்லிசி தெமெத்ரியு. உங்கள் மலரில் இந்த மூவருமே இல்லை.

தெமெத்ரியுவைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். அவர் குரு அல்ல. ஜார்ஜியாவிலிருந்து வந்த பொதுநிலைச் சகோதரர், பல மொழிகள் அறிந்தவர். பாரசீக வளைகுடாத் துறைமுகமான ஹோர்முஸில் கப்பலேறிய இந்த நால்வரும் கொல்லம் போகத்தான் நினைத்தார்கள். கப்பல் அவர்களைத் தாணேயில் கொண்டுவந்து விட்டது. அங்கே நெஸ்தோரியர் எனப்படும் கீழைத் திருச்சபைப் பிரிவைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவர் வீட்டில் தங்கினார்கள். அந்த வீட்டில் கணவன் மனைவியை அடிக்க, அவள் இஸ்லாமிய நீதிபதியான காஜியிடம் முறையிட்டாள். சாட்சி சொல்லத் துறவிகளை அழைத்தார்கள். உடைமைகளைப் பார்த்துக்கொள்ளப் பேதுரு வீட்டில் இருந்துவிட, மற்ற மூவரும் போனார்கள். ஒரு குடும்பச் சண்டைக்கான விசாரணை சமய வாதமாக மாறி உயிர்ப்பலியில் முடிந்தது. அந்த விசாரணையில் தோமா சொன்ன பதிலை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். யாக்கோபு நெருப்பிலிருந்து காயமின்றி வெளிவந்ததாகப் பின்னர் தாணே வழியே வந்த பிரான்சிஸ்கன் பயணி ஒதோரிக் எழுதிவைத்துப் போனதும் நினைவிருக்கிறது. அதே இடத்தில் நின்று, அதே இரவில் வெட்டுப்பட்ட தெமெத்ரியு மட்டும் நமக்கு 'முதலியோர்' ஆகிவிட்டார். அவர்களைத் தாணேக்கு வடக்கே உள்ள சுபாராவில் அடக்கம் செய்த தொமினிக்கன் துறவி யோர்தானுஸ் அப்படி ஒருவரை மட்டும் பிரித்து அடக்கம் செய்யவில்லையே.

இது உங்கள் மலரின் குறை மட்டுமல்ல. நம் திருச்சபை வரலாற்றில் குருக்களின் பெயர்கள் கல்வெட்டில் ஏறுகின்றன. அவர்களுக்காக ஊர் ஊராக நடந்து, மக்களுக்குப் புரியும்படி பேசி, அடியும் வாங்கிய உபதேசியார்களை, அதாவது மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த பொதுநிலையினரை, யாரும் எழுதி வைப்பதில்லை. எத்தனையோ பழைய பங்குகளில் முதல் குருவின் படம் மாட்டியிருக்கிறது, முதல் உபதேசியாரின் பெயர்கூடத் தெரியாது. தெமெத்ரியுவின் பெயராவது நல்லவேளையாக நம்மிடம் இருக்கிறது. இருக்கும் பெயரையும் நாமே விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

மன்னியுங்கள், பேச்சு எங்கோ போய்விட்டது. நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த மலரின் முதல் பக்கத்தில் தோமா, யாக்கோபு, பேதுரு, தெமெத்ரியு என நான்கு பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். ஏப்ரல் 9 திருப்பலியின் மன்றாட்டிலும் நால்வரையும் பெயர் சொல்லி நினைவுகூருங்கள். அச்சுக்குப் போகும்முன் பெயர்களைச் சரிபார்த்துத் தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மலரை ஆண்டுதோறும் வாங்கிப் படிக்கும் ஒருவர்