கழுத்தை விட்டு மார்புக்கு வாருங்கள்: நாய்ப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாய்களோடு நடக்க எங்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சியாளர்களுக்கு வணக்கம். கழுத்துப் பட்டையான காலரில் கயிறு மாட்டுவதை விட்டு, மார்பைச் சுற்றிப் போடும் பட்டையான ஹார்னஸுக்கு மாறுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் வீட்டு மணி ஒரு பொமரேனியன். இப்போது 9 வயது. அவனுக்கு 4 வயதில் ஒரு பயிற்சி வகுப்புக்குக் கூட்டிப்போனேன். வாசலைத் தாண்டியதும் முன்னால் பாய்ந்து இழுப்பான். அதைச் சரிசெய்தால் போதும் என்றுதான் போனேன். முதல் நாளே அவன் கழுத்தில் இறுகும் சங்கிலி ஒன்றை மாட்டினார்கள். இழுக்கும்போதெல்லாம் வெடுக்கென்று இழுத்துவிடச் சொன்னார்கள். செய்தேன். இருமினான். "இழுக்கிறதாலதான் இருமுறான், இழுக்கிறத நிறுத்தினா இருமலும் நின்னுடும்" என்றார் பயிற்சியாளர். நம்பி 6 வாரம் அப்படியே நடந்தேன்.

அப்புறம் இழுக்காமலே இரும ஆரம்பித்தான். தண்ணீர் குடித்தால் இருமல், நான் வீடு திரும்பிய சந்தோஷத்தில் இருமல். வாத்து கத்துவதுபோல் கரகரப்பான சத்தம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், மூச்சுக்குழாய் தட்டையாகி வருகிறது என்றார். அந்தச் சங்கிலிதான் இந்த நோயைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். சின்ன இனங்கள் சிலவற்றில் மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு இயல்பிலேயே பலமில்லாமல் இருப்பதுண்டு. ஆனால் ஏற்கெனவே நொந்திருந்த இடத்தில் 6 வாரம் வெடுக் வெடுக்கென்று இழுத்தது என் கை. அது இன்றும் உறுத்துகிறது.

நாயின் மூச்சுக்குழாய் முழு வட்டமான குழாய் இல்லை. குருத்தெலும்பு வளையங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் லாடம் மாதிரி, முதுகுப் பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறப்பை மெல்லிய தசைச் சவ்வு மூடியிருக்கும். வளையம் தளர்ந்தால் சவ்வு உள்ளே தொய்ந்து, குழாய் சப்பையாகிவிடும். யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, டாய் பூடில், பொமரேனியன், பக் ஆகியவற்றில் இது அதிகம். இந்த நாய்களில் எத்தனை உங்கள் வகுப்புக்கு வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றின் கழுத்தில் பட்டை அழுத்துவது சரியாக அந்தக் குழாயின் மேல்தான்.

பெரிய நாய்க்குப் பரவாயில்லை என்றும் சொல்ல முடியாது. குரல்வளை, தைராய்டு, தலையிலிருந்து இரத்தம் திரும்பும் நாளங்கள் எல்லாம் அதே கழுத்தில்தான். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், காலரில் இழுத்தபோது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடியது. ஹார்னஸில் இழுத்தபோது அப்படிக் கூடவில்லை. 2020இல் வெளியான இன்னொன்றில் செயற்கைக் கழுத்து ஒன்றில் பலவகைக் காலர்களை மாட்டிச் சோதித்தார்கள். நாய் இழுத்தாலும் காயம் வராது என்று சொல்லும் அளவுக்கு அழுத்தம் குறைந்த காலர் ஒன்றுகூட அதில் இல்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டு அகலமான பெல்ட் மாட்டினால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹார்னஸ் போட்டால் நாய் இன்னும் அதிகமாக இழுக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். முதுகில் மட்டும் வளையம் உள்ள ஹார்னஸில் அது நடக்கக்கூடியதுதான். முன்மார்பிலும் வளையம் உள்ளதாக எடுத்து, கயிற்றை அங்கே மாட்டினால், இழுக்கும் நாயின் உடம்பு நம் பக்கம் திரும்பிவிடும். மீதியைச் சொல்லித்தர வேண்டியவர்கள் நீங்கள்தான். கயிறு இறுகினால் நாம் நின்றுவிட வேண்டும், தளர்ந்தால் நடக்க வேண்டும், பக்கத்தில் வந்தால் ஒரு துண்டு தின்பண்டம். மணிக்கு இது பிடிபட 2 மாதம் ஆனது. பொறுமை வேண்டும், சரி. ஆனால் அந்த 2 மாதத்தில் கயிற்றின் இழுப்பால் அவன் ஒரு தடவைகூட இருமவில்லை.

ஹார்னஸிலும் தப்பாகப் போடுவது உண்டு. தோளுக்குக் குறுக்கே பட்டை ஓடினால் முன்காலை நீட்டி வைக்க முடியாமல் போகும். மார்பெலும்பின் மேல் இறங்கி, கால்களுக்கு நடுவே போகும் ஒய் வடிவம்தான் நல்லது. பட்டைக்குக் கீழே 2 விரல் நுழைய வேண்டும். அக்குளில் உரசக் கூடாது. ஒரு வாரம் கழித்து அங்கே முடி உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளரும் குட்டி என்றால் வாராவாரம் அளவு பார்க்க வேண்டும். இதையெல்லாம் பொதியின் மேல் உள்ள படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது கஷ்டம். நாயைப் பக்கத்தில் நிறுத்தி நீங்கள் ஒருமுறை காட்டினால் போதும். பெயர்த் தகடு தொங்கவிடக் காலர் தளர்வாக இருக்கட்டும். அதில் கயிறு மாட்ட வேண்டாம். தானாகச் சுருளும் கயிறும் வேண்டாம். அதன் ஸ்பிரிங் எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும், தளர்வு என்றால் என்னவென்றே நாய்க்குத் தெரியாமல் போகும்.

இன்னொன்றும் கேட்கிறேன். வகுப்பில் ஒரு நாய் இருமினால் அதோடு பாடத்தை நிறுத்திவிடுங்கள். எல்லா இருமலும் கயிற்றால் வருவதில்லை. தொற்று இருமல் என்றால் ஒரே வகுப்பில் மற்ற நாய்களுக்கும் பரவிவிடும். வயதான சின்ன நாய்க்கு இதயம் வீங்கி இருமல் வரலாம். கொசு கடித்து வரும் இதயப்புழுவாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. "இழுக்கிறதால இருமுறான்" என்று நீங்கள் சொல்லிவிட்டால், எங்களைப் போன்றவர்கள் அவரிடம் போகமாட்டோம். உங்கள் வார்த்தைக்கு எங்களிடம் அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

அடுத்த வகுப்புக்கு யாரோ ஒருவர் முதல் நாய்க்குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார். என்ன வாங்க வேண்டும் என்று உங்களிடம்தான் கேட்பார். முதல் 15 நிமிடத்தை அந்தக் குட்டிக்கு ஹார்னஸ் அளவெடுக்க ஒதுக்குங்கள்.

அன்புடன்,
மணியோடு நடப்பவர்