கோர்ன்வோல் இலகுரகக் குறூசர் அல்ல

ஆசிரியருக்கு,

1942 ஏப்ரலில் நடந்த யப்பானியத் தாக்குதல் பற்றிய உங்கள் கட்டுரையில், இலங்கைக்குத் தென்மேற்கே ஏப்ரல் 5 அன்று மூழ்கடிக்கப்பட்ட கோர்ன்வோல், டோர்செற்ஷயர் ஆகிய பிரித்தானியக் கப்பல்கள் இரண்டும் இலகுரகக் குறூசர்கள் (குறூசர் என்பது வேகமாக நெடுந்தூரம் செல்லும் ஒரு போர்க்கப்பல் வகை) என்று அச்சாகியிருக்கிறது. அவை கனரகக் குறூசர்கள். மறுநாள் உயிர் தப்பியோரைக் கடலிலிருந்து மீட்ட கப்பல்களில் ஒன்றான என்ரர்பிறைஸ்தான் இலகுரகம். மாணவர்கள் வெட்டி ஒட்டி வைக்கும் பக்கம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

இரண்டையும் பிரிப்பது எடை அல்ல, பீரங்கி. 1930 ஆம் ஆண்டு இலண்டன் கடற்படை உடன்படிக்கைப்படி பீரங்கிக் குழாயின் உள்விட்டம் 6.1 அங்குலம் வரை இருந்தால் இலகுரகம். அதற்கு மேல் 8 அங்குலம் வரை கனரகம். அதனாலேயே பன்னிரண்டு 6 அங்குலப் பீரங்கிகளுடன் 9,100 தொன் எடையிருந்த சவுத்தாம்ரன் இலகுரகமாகவும், ஆறே 8 அங்குலப் பீரங்கிகளுடன் ஏறக்குறைய 8,400 தொன் எடையிருந்த எக்செற்றர் கனரகமாகவும் பதிவாயின. 6 அங்குலக் குண்டு 112 இறாத்தல். 8 அங்குலக் குண்டு 256 இறாத்தல்.

உங்கள் படத்திலும் பிழை உண்டு. லியாண்டர் என்ற இலகுரகக் குறூசர் எனப் போட்டிருக்கும் கப்பலுக்கு இரண்டு புகைபோக்கிகள் தெரிகின்றன. லியாண்டர், நெப்ரியூன், ஓரையன், ஏஜக்ஸ், அக்கிலிஸ் ஆகிய ஒரே வகைக் கப்பல்கள் ஐந்துக்கும் அகன்ற ஒற்றைப் புகைபோக்கிதான். ஆறு கொதிகலன்களும் அடுத்தடுத்த அறைகளில் இருந்ததால் புகை முழுவதையும் ஒரே வழியாக விட முடிந்தது. பலவீனமும் அதுவே: அந்த இடத்தில் ஓர் அடி விழுந்தால் கப்பலை இயக்கும் நீராவியே நின்றுவிடலாம். 1943 யூலையில் சொலமன் தீவுகளில் நடந்த கொலம்பங்கரா சமரில் லியாண்டரின் கொதிகலன் பகுதியில்தான் டோர்ப்பிடோ பட்டது. மூழ்காமல் தப்பியது, ஆனால் போர் முடியும்வரை சண்டைக்குத் திரும்பவில்லை. பின்னர் கட்டிய பேர்த், சிட்னி, ஹோபார்ட் என்ற மூன்று கப்பல்களிலும் கொதிகலனையும், நீராவியால் சுழலும் இயந்திரமான சுழலியையும் இரு தொகுதிகளாகப் பிரித்து வைத்தார்கள். அதனால்தான் அவற்றுக்கு இரண்டு புகைபோக்கிகள். நீங்கள் அச்சிட்டது இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

என்ரர்பிறைஸ், கோர்ன்வோல் இரண்டுக்கும் மூன்று புகைபோக்கிகள் என்பதால் அங்கும் குழப்பம் வரும். அப்போது பீரங்கிகளைப் பாருங்கள். கோர்ன்வோலில் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு இரட்டைப் பீரங்கிக் கூண்டுகள். என்ரர்பிறைஸில் முன்னே ஒரே ஓர் இரட்டைக் கூண்டு, மற்ற ஐந்தும் தனிப் பீரங்கிகள்.

திருத்தத்தையும் சரியான படத்தையும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கடல் வரலாற்று வாசகர்கள்,
யாழ்ப்பாணம்.