வெட்னஸ்டேயில் கல்யாணம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் ‘வெட்னஸ்டே’ என்ற சொல்லை வெட்-னஸ்-டே என்று மூன்றாகப் பிரித்து, ‘வெட்’ என்றால் திருமணம், கல்யாணத்துக்கு உகந்த நாள் என்பதால் அந்தப் பெயர் என்று போட்டிருந்தீர்கள். என் பேத்தி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள்.

நான் சிவகாசியில் காலண்டரும் டைரியும் அச்சடிக்கிற பிரஸ்ஸில் முப்பது வருஷம் கம்பாசிட்டர். இந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை ஈய எழுத்தில் கோத்திருப்பேனோ! வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டைரியின் முன்குறிப்பில் வரி முடிவில் இடம் போதாமல் ‘வெட்’ என்று நிறுத்தி, மீதியை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டேன். புரூஃப் பார்த்தவர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். தமிழில் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், எங்கேயும் உடைக்கலாம். ஆங்கிலத்தில் அகராதி காட்டுகிற இடத்தில்தான் சிறுகோடு. இந்தச் சொல்லுக்கு ‘எஸ்’ தாண்டி, ‘டே’க்கு முன்னால். வாய் சொல்வதும் ‘வென்ஸ்-டே’, இரண்டே அசை. ‘ஹேன்சம்’ என்கிறபோது நடுவில் உள்ள ‘டி’ காணாமல் போகிற மாதிரிதான் இங்கேயும்.

அப்புறம் எதற்கு அந்த ‘டி’? அது வோடன் என்ற கடவுளின் மிச்சம். பழைய ஆங்கிலத்தில் இது வோடனின் நாள். அப்போது மூன்று அசைதான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அச்சிட்டிருந்தால் உங்கள் கணக்கு சரி.

ரோமானியர்கள் இந்த நாளை மெர்க்குரி என்ற தங்கள் கடவுளுக்குக் கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘மெர்க்ரெதி’ என்கிறார்கள். ஜெர்மானிய மக்கள் அந்த வாரத்தை எடுத்துக்கொண்டபோது மெர்க்குரி இருந்த இடத்தில் தங்கள் வோடனை உட்கார வைத்தார்கள். மெர்க்குரி என்றால் நம் புதன் கிரகம். காலண்டர் தாளில் ஆங்கிலத்துக்குக் கீழே ‘புதன்’ என்று முப்பது வருஷம் கோத்தபோது, இரண்டும் ஒரே ஆள் என்று எனக்குத் தெரியாது.

பேத்தியிடம் சொன்னேன். “அப்ப செவ்வாய்?” ட்யூ என்ற போர்க்கடவுள், ரோமில் மார்ஸ். “வியாழன்?” இடிக்கடவுள் தோர், ரோமில் ஜூபிடர். வெள்ளிக்கு வருவதற்குள் சோறு ஆறிவிட்டது.

எல்லாம் கேட்டும் நோட்டில் உள்ளதை அடிக்க மாட்டேன் என்கிறாள். பேப்பரிலேயே போட்டிருக்கிறதாம், தாத்தா சொன்னால் மிஸ் நம்ப மாட்டார்களாம். அதற்காகவாவது ஒரு திருத்தம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற கம்பாசிட்டர்,
சிவகாசி