தண்ணீர் வந்தால்தான் பணம் வருமா?

ஆசிரியருக்கு,

காசிமேட்டில் மாலை நேர இலவச டியூஷன் நடத்தும் எங்கள் சிறு சங்கத்தின் பழைய கணக்கு நோட்டுகளைப் போன வாரம் தூசி தட்டினேன். முன்னாள் பொருளாளர் என்பதால் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பணம் வந்த வருடங்கள் எல்லாம் தண்ணீர் வந்த வருடங்கள்: 2004 சுனாமி, 2015 வெள்ளம், மிக்ஜாம் புயலோடு எண்ணூரில் எண்ணெய் பரவிய 2023 டிசம்பர். அப்போதெல்லாம் ரசீது புத்தகம் தீர்ந்து புதிதாக அச்சடித்தோம். மற்ற வருடங்களில் மீன் ஏலம் முடித்து வரும் அக்காக்கள் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த பத்து, இருபதுதான் வரவு. ஒரு பக்கத்தில் செதில்கூட ஒட்டியிருக்கிறது.

2014 முதல் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். எங்களிடமும் ஒரு நிறுவனம் வந்தது. லேப்டாப் தந்தது, அதைவிடப் பெரிதாகப் பெயர்ப்பலகை தந்தது. கரன்ட் பில், டீச்சர் சம்பளம் என்றதும் "அது நிர்வாகச் செலவு" என்று கையை விரித்துவிட்டது. பாடம் நடத்துபவரின் சம்பளம் எப்படி ஐயா நிர்வாகச் செலவாகும்?

நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க உதவும் 80ஜி பதிவையும் 2021-லிருந்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கணக்கு கேட்பது நியாயம்தான். ஆனால் ஆடிட்டர் ஃபீஸே எங்களுக்கு இரண்டு மாத வாடகை.

நிதி தருகிறவர்கள் மூன்று வருட வாடகையையும் சம்பளத்தையும் ஏற்றுக்கொள்ளட்டும். பலகையை நாங்களே எழுதி மாட்டிக்கொள்கிறோம்.

- முன்னாள் பொருளாளர் ஒருவர், ராயபுரம், சென்னை-13