சீசரைத் தொலைபேசியில் கூப்பிடாதே

களுதாவளை,
ஆவணி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியை வைத்த விதத்திலேயே உன் கோபம் தெரிந்தது. "நாயோடு பேசக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்டாய். உரிமை எல்லாம் இருக்கிறது. ஆனால் காரணத்தை வாயால் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் குரலை உயர்த்துவேன், அம்மா இரண்டு பேரையும் அதட்டுவாள். ஆகவே எழுதுகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்.

நீ "சீசர், சீசர்" என்று கூப்பிடும்போது அவன் காதை நிமிர்த்துவதையும் வாலை ஆட்டுவதையும் மட்டும்தான் திரையில் பார்க்கிறாய். நீ இணைப்பைத் துண்டித்த பிறகுதான் அவனுடைய வேலை தொடங்குகிறது. முதலில் தொலைபேசியின் பின்பக்கத்தை மோந்து பார்க்கிறான். பிறகு உன் கட்டிலைப் போட்டிருக்கும் அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடுகிறான். அங்கிருந்து குசினி, குசினியிலிருந்து கிணற்றடி, கடைசியாகப் படலை. கம்புகளுக்கு நடுவில் மூக்கை நுழைத்துக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தபடி நிற்கிறான். பார்க்கிறான் என்பது ஒரு பேச்சுக்குத்தான். இரண்டு கண்ணிலும் படலம் விழுந்துவிட்டது, வெளிச்சமும் நிழலும் தெரிந்தால் அதிகம். அன்றிரவு வைத்த சோறு அப்படியே கிடக்கும். விடிந்ததும் நம் சின்ன நாய் ரோசி வந்து அதையும் சேர்த்துத் தின்றுவிடுவாள்.

இது ஒவ்வொரு ஞாயிறும் நடக்கிறது. திங்களும் செவ்வாயும் அவன் தேறுவதற்குப் போய்விடுகின்றன. வியாழன் வெள்ளியில் ஆள் ஓரளவு சரியாகிறான். அடுத்த ஞாயிறு நீ மறுபடியும் கூப்பிடுகிறாய்.

இடம் மாறிய நாய்க்கு என்ன நடக்கிறது என்பதை நீ அங்கேயிருந்து உன் மனதை வைத்து அளக்கிறாய். பண்டாரவளை வீட்டை விட்டதில் உனக்கு வருத்தம். அந்த வருத்தத்தைச் சீசரின் முகத்தில் தேடுகிறாய். அவனுடைய கஷ்டம் வேறு மாதிரியானது, கேள்.

பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரம். மட்டக்களப்புப் பக்கம் இந்தக் களுதாவளைக்குக் குடிவர, மாசி மாத விடியலில் கம்பளி போர்த்திக்கொண்டு வான் வண்டியில் ஏறினோம். வெயில் ஏறுமுன் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பதற்காகவே அந்த நேரம். முதல் நாள் இரவோடு இரண்டு பேருக்கும் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். அப்படியிருந்தும் பதுளை தாண்டிப் பசறை, லுணுகலை வளைவுகளில் ரோசி என் மடியிலேயே வாந்தியெடுத்தாள். பிபிலையில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தோம். மகா ஓயாவில் கதவைத் திறந்தபோது உள்ளே வந்த அனலில் சீசர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புல்லுமலை, கரடியனாறு எல்லாம் அவன் நாக்கைத் தொங்கப் போட்டபடியே கடந்தது. செங்கலடிச் சந்தியில் தெற்கே திரும்பியபோது, உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அது ஊர் திரும்பல். நாய்களுக்கு அப்படியில்லை.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மீதிச் சூட்டையெல்லாம் இரைத்து இரைத்தே வெளியேற்ற வேண்டும். அதன் உடற்சூடு சாதாரண நாளிலேயே 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும். நாக்கின் ஈரம் ஆவியானால்தான் சூடு இறங்கும், காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் நாளில் இரைத்தும் அவ்வளவு பயனில்லை. பிறகு ஆனி, ஆடியில் கச்சான் வீசத் தொடங்கியது. மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வெறும் சூட்டோடு இந்தப் பக்கம் இறங்குகிற காற்று அது. பத்து மணிக்குமேல் மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. நாய்க்கு எந்நேரமும் வெறுங்கால்தானே.

மயிரை ஒட்ட வெட்டிவிடச் சொல்லி நீ மூன்று தடவை செய்தி அனுப்பினாய். ஊரிலும் ஆளுக்கு ஆள் அதையே சொன்னார்கள். மிருக வைத்தியர் வேண்டாம் என்றார். சீசரைப் போன்ற சடை நாய்க்கு மயிர் இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு போன்றது, வெளியே நீளமானது. வெளி மயிர் வெயிலைத் தோலில் படவிடாமல் தடுக்கிறது. மழித்துவிட்டால் தோல் வெந்துபோகும், மயிரும் சில நாய்களுக்குப் பழையபடி வளராது. ஆகவே உள் மயிரை மட்டும் சீவி எடுக்கிறோம். நீ விட்டுவிட்டுப் போன பெரிய பல் சீப்புத்தான். அம்மா மாலையில் விறாந்தையில் இருந்து சீவுவாள். முற்றத்தில் விழுந்த பஞ்சைக் காகம் கூட்டுக்குக் கொண்டு போகும்.

தன் வெக்கைக்கு வழியை அவனே கண்டுபிடித்தான். பக்கத்து வளவில் வெற்றிலைத் தோட்டம் இருக்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் விடுவதால் கொடிகளுக்குக் கீழே எப்போதும் குளிர்ச்சி. ஒருநாள் வேலிக் கிடுகைத் தள்ளிக்கொண்டு அங்கே போய்ப் படுத்துவிட்டான். தோட்டக்காரப் பெத்தாவுக்கு வந்த கோபம்! வெற்றிலைக்குள் செருப்போடு மனிதரே போகக் கூடாது, நாய் போவதா என்று படலையில் நின்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றே வேலியைக் கட்டிவிட்டு, நம் மாமரத்தடியில் மண்வெட்டியால் அரை முழ ஆழத்துக்கு ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினேன். வந்து மோந்தான். முன்காலால் இன்னும் கொஞ்சம் தோண்டினான். தனக்குப் பிடித்த அளவு வந்ததும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, வயிறு முழுவதும் ஈர மணலில் படும்படி பின்காலை நீட்டிப் படுத்துக்கொண்டான். இப்போது மதியங்களில் அவனுடைய விலாசம் அதுதான்.

வெக்கையைவிடக் கஷ்டம் வீடு. பண்டாரவளையில் அவனுக்குக் கண் மங்கியதே நமக்குத் தெரியவில்லை. அலுமாரி எங்கே, மேசைக்கால் எங்கே, படி எத்தனை என்று எல்லாம் மனப்பாடம். இங்கே வந்த முதல் வாரம் ஒவ்வொரு கதவு நிலையிலும் முட்டிக்கொண்டான். இரவில் சுவரோடு உடம்பை உரசிக்கொண்டே நடந்தான். அம்மா திரும்பி வந்த வீட்டுக்குப் புது ஒழுங்கு என்று கதிரைகளை வாரத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றத் தொடங்கினாள். நான் தடுத்தேன். அவனுடைய சாக்கைத் துவைக்கவும் விடவில்லை. நாற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வீட்டிலேயே அவனுக்குத் தெரிந்த ஒரே வாடை அந்தச் சாக்கில்தான் இருந்தது. அதே நெளிந்த அலுமினியக் கோப்பை, அதே நேரத்தில் சோறு. வேறு பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை.

இந்த விடயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, ஆண்தான் போய்ச் சேர வேண்டும். காரைதீவிலிருந்து இதே வீட்டுக்கு நான் மாப்பிள்ளையாக வந்தபோது, எந்தக் கதிரை உன் அம்மப்பாவுடையது என்று கண்டுபிடிக்க எனக்கும் காலம் எடுத்தது. நல்லவேளை, அவர் குரைக்கவில்லை.

ரோசிக்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. இரண்டு வயதுக்காரி, எல்லாமே அவளுக்கு விளையாட்டு. கடற்கரை நண்டு வளைக்குள் மூக்கை விட்டுக் கடிபட்டு வந்தாள், மறுநாளும் போனாள். ஒழுங்கையில் நான்கு கட்டாக்காலி நாய்கள் உண்டு. ஆளுக்கொரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒழுங்கை முழுவதையும் தங்கள் பெயரில் எழுதி வைத்திருப்பவை. படலையில் வைத்துச் சந்திக்க விட்டால் சண்டைதான். நான் அவளைக் கயிற்றோடு கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். அவை பின்னாலேயே வந்தன. யாருக்கும் சொந்தமில்லாத மணலில் ஒன்றையொன்று மோந்து கணக்குத் தீர்த்துக்கொண்டன. விசர்நாய்த் தடுப்பூசி இரண்டு பேருக்கும் போட்டாயிற்று, அட்டை என் கோப்பில் இருக்கிறது, அதைப் பற்றி இனிக் கேட்காதே. உண்ணிதான் இங்கே அதிகம். சுவர் வெடிப்பில் முட்டையிடுகிறது. அம்மா ஒவ்வொரு மாலையும் காது மடலையும் விரல் இடுக்கையும் பார்க்கிறாள், பல் முரசு வெளிறியிருக்கிறதா என்றும் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறாள். உண்ணிக் காய்ச்சலுக்கு அது ஓர் அடையாளம்.

நான் உண்மையில் பயப்படுவது பேத்தை மீனுக்கு. கரைவலை இழுக்கும் நாட்களில் வலையில் வந்த பேத்தையை ஆட்கள் மணலில் எறிந்துவிடுவார்கள். பந்து போல ஊதிக்கொண்டு கிடக்கும். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சு சமைத்தாலும் போகாது, மனிதரையே கொல்லும். ஊர் நாய்கள் மோந்துவிட்டு விலகிவிடும் என்று கரையில் மீன் வாடியில் இருக்கும் மாமா சொல்கிறார். மலையில் கருவாட்டுத் தலையைத் தவிர வேறு மீன் காணாத ரோசியை அந்த நம்பிக்கையில் விட நான் ஆயத்தமில்லை. வலை வரும் நேரம் அவளைக் கயிற்றில் கட்டித்தான் வைப்பேன்.

இனிச் சீசருக்கு வருகிறேன். பண்டாரவளையில் அவனுடைய மணிக்கூடு ரயில். பதுளைக்குப் போகும் வண்டி கூவினால் எழும்பி ஊளையிட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் போய் நிற்பான். இங்கே ரயில் பாதை மட்டக்களப்பு நகரோடு முடிந்துவிடுகிறது. இரவு முழுக்கக் கடல் இரைகிறது. அந்தச் சத்தத்தில் எது எப்போது என்று அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பகலில் தூங்கினான், இரவில் அலைந்தான். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தது. பறையும் வெடியும் கேட்டு உன் கட்டிலுக்கு அடியில் புகுந்தவனை வெளியே எடுக்க முடியவில்லை. போகட்டும் என்று நானும் பாயைப் போட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.

அவனை எழுப்பி விட்டது பாண் ஓட்டோ, பாணும் பணிஸும் விற்றுவரும் முச்சக்கர வண்டி. உனக்கு நினைவிருக்கும், பண்டாரவளையில் மாலையில் அந்த இசையோடு வரும், நீ பள்ளிக்கூடச் சட்டையோடு ஓடுவாய், அவன் உன்னை முந்தி ஓடுவான். இங்கேயும் வருகிறது. ஓட்டுகிறவர் வேறு, இசை அதே இசை. இந்த நாட்டில் எங்கே போனாலும் பாண்காரருக்கு அது ஒன்றுதான். நாங்கள் வந்த புதிதில் அது நம் ஒழுங்கைக்கு வரவில்லை. பிரதான வீதியோடு போய்விடும். சடங்கு முடிந்த பிறகு ஒருநாள் உள்ளே திரும்பியது. மாமரத்தடியில் கிடந்தவன் தலையைத் தூக்கினான். எழுந்தான். ஒரு தூணில்கூட முட்டாமல் நேரே படலைக்குப் போய் நின்றான். அம்மா அவிழ்ந்த கூந்தலோடு காசை எடுத்துக்கொண்டு ஓடினாள். பணிஸை அவன் வாயில் வைத்தபோது வால் ஆடிய ஆட்டத்தில் பின்பக்கம் முழுவதும் ஆடியது. அன்றிலிருந்து அவனுக்கு நாள் என்று ஒன்று இருக்கிறது. பாண் ஓட்டோ வந்தால் மாலை, அதன் பிறகு சோறு, பிறகு தூக்கம்.

நீ பேசும் நேரமும் அதே மாலைதான். மெல்பேர்னில் உனக்கு அப்போது இரவு, வேலை முடிந்து ஓய்ந்திருப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் மகள், அந்த இசைக்குப் பின்னால் பணிஸ் வருகிறது. உன் குரலுக்குப் பின்னால் யாரும் வருவதில்லை. உன்னையும் என்னையும் போல, தூரத்தில் இருக்கிறாள், நலமாக இருக்கிறாள் என்று நினைத்து ஆறுதல்பட அவனால் முடியாது. குரல் கேட்டால் ஆள் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அவனுடைய கணக்கு அவ்வளவுதான். இல்லாத ஆளை அவன் வாராவாரம் தேடித் தோற்கிறான். இதை எழுத எனக்கு மட்டும் சுகமாக இருக்கிறது என்று நினைக்காதே.

ஆகவே இனி இப்படிச் செய்வோம். நீ கூப்பிடும்போது நான் தொலைபேசியைக் கிணற்றடிக்குக் கொண்டு போகிறேன். காதில் வைத்துத்தான் பேசுவேன், ஒலிபெருக்கியைப் போடமாட்டேன். சீசர் படுத்திருப்பதைச் சத்தமில்லாமல் காட்டுகிறேன், வேண்டிய நேரம் பார். ரோசியோடு எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. உனக்குப் பதில் சொல்லாமல் பாதியில் எழுந்து போகிறவள் அவள் ஒருத்திதான்.

நீ நேரில் வந்தால் நிலைமை வேறு. மார்கழியில்தான் விடுமுறை என்பாய். மார்கழியில் இங்கே அடை மழை, முற்றத்தில் தண்ணீர் நிற்கும், வீதி எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. மாசிக்குக் கேட்டுப் பார். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து நேரே வா, வழியில் யார் வீட்டிலும் குளித்து வாசனை பூசிக்கொள்ளாதே. படலையிலிருந்து பெயர் சொல்லிக் கத்தாதே. விறாந்தைப் படியில் பேசாமல் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டு. மீதியை அவனுடைய மூக்குப் பார்த்துக்கொள்ளும்.

உண்ணிக்குக் கழுத்தில் கட்டும் பட்டி அங்கே நல்லது கிடைக்குமாம், இரண்டு கொண்டு வா. சீசருக்குக் கழுத்து 38 சென்ரிமீற்றர், மயிரை அமுக்கி அளந்தது. ரோசிக்கு அம்மா அளக்கப் போய் நூல்நாடாவைக் கடித்துவிட்டாள், அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். சொக்லேட் கொண்டு வராமல் இருக்கமாட்டாய். கொண்டு வா, ஆனால் வந்தவுடனே அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அது நாய்க்கு நஞ்சு, ரோசி இப்போது மேசை ஏறப் பழகிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா