அலகுத் தேர்வு: கேள்விக்கு முன் அட்டவணை

ஆசிரியருக்கு,

கல்லூரியில் ஓர் அலகு முடிந்ததும் வைக்கும் தேர்வு, மாணவர் எதைப் புரிந்துகொண்டார், எங்கே தடுமாறுகிறார் என்பதைக் காட்ட வேண்டும். பல வினாத்தாள்கள் அதைக் காட்டுவதில்லை. பாடக்குறிப்பைப் புரட்டிக்கொண்டே கேள்வி எழுதுவதுதான் காரணம். அப்படி எழுதினால் வரையறைக் கேள்விகளே குவியும். அவற்றை எழுதுவதும் திருத்துவதும் எளிது.

முதலில் ஓர் அட்டவணை போட வேண்டும். இடப்பக்கம் அந்த அலகின் கற்றல் விளைவுகள் (அலகு முடிந்ததும் மாணவர் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவை), மேலே நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல். 25 மதிப்பெண் என்றால் 6, 8, 11 என்று பிரித்துக்கொண்டு, பிறகு கட்டங்களுக்குக் கேள்வி எழுதலாம். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் அளவு திட்டவிலக்கம். 'திட்டவிலக்கம் என்றால் என்ன?' என்பது நினைவுகூர்தலோடு நின்றுவிடும். 48, 50, 52 என்றும் 20, 50, 80 என்றும் இரு தொகுதிகளைக் கொடுத்து, சராசரி ஒன்றாக இருந்தும் எதில் சராசரியை நம்பலாம், ஏன் என்று கேட்டால் புரிதல் வெளிப்படும்.

சங்கிலிக் கேள்விகளில் கவனம் தேவை. (அ) பிரிவின் விடையை வைத்தே (ஆ), (இ) செய்ய வேண்டுமென்றால், முதல் கூட்டலில் சறுக்கியவர் மூன்றுக்கும் மதிப்பெண் இழப்பார். ஒரே பிழைக்கு மூன்று தண்டனை! (ஆ) பிரிவுக்குப் புதிய எண்ணைக் கொடுத்துவிடலாம். அல்லது தவறான எண்ணோடு தொடர்ந்தாலும் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பிலேயே எழுதலாம். அந்த விடைக்குறிப்பு தேர்வுக்கு முன்பே தயாராக வேண்டும். அதை எழுதும்போதுதான் கேள்வியில் உள்ள குழப்பம் கண்ணில் படும். 50 நிமிடத் தேர்வை ஆசிரியர் முழுமையாக எழுதிப் பார்த்து 17 நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால், வினாத்தாள் நீளம் என்றே கொள்ளலாம்.

கொள்குறி வினாவில் நான்காவது விடையைக் கட்டாயமாகத் திணிக்க வேண்டாம். யாரும் தேர்ந்தெடுக்காத விடை வெறும் இடநிரப்பி. மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழையிலிருந்து பிறந்த இரண்டு தவறான விடைகளே போதும்.

திருத்தியபின் ஒரு சிறு கணக்கு. 60 பேர் வகுப்பில் மொத்த மதிப்பெண்படி மேலே 16 பேர், கீழே 16 பேர். அதாவது ஒவ்வொரு குழுவும் வகுப்பில் ஏறத்தாழ 27 சதவீதம். ஒரு கேள்விக்கு மேல்குழுவில் 12 பேர், கீழ்க்குழுவில் 4 பேர் சரியாக எழுதியிருந்தால் வித்தியாசம் 8. அதை 16-ஆல் வகுக்க 0.5. நன்றாகப் படித்தவரையும் தடுமாறுபவரையும் பிரித்துக் காட்டும் நல்ல கேள்வி. இந்த எண் எதிர்மறையாக வந்தால், அதாவது கீழ்க்குழுவில்தான் அதிகம் பேர் சரியாக எழுதியிருந்தால், விடைக்குறிப்பையும் கேள்வியின் சொற்களையும் உடனே சரிபார்க்க வேண்டும். மதிப்பெண்ணை அறிவிப்பது அதன் பிறகுதான்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர்கள் சிலர்