அப்பத்தா காலைப் பற்றி

காரைக்குடி

அன்புள்ள உமையாளுக்கு,

அப்பத்தா உள்ளங்காலில் கொப்புளம் என்றதும் நேற்று போனில், "சுடுறதுகூடவா தெரியாது? ஏன் இப்படிக் கவனமில்லாம இருக்காங்க?" என்று கோபப்பட்டாய். தாயே, அவர்களை ஒன்றும் சொல்லாதே. வடகம் காயவைக்கப் போனபோது வளவு முற்றத்துக் கல் கொதித்தது நிஜம், ஆனால் அந்தச் சேதி அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. சுட்டதும் காலை இழுப்பதற்கு மூளைகூட வேண்டாம். தண்டுவடமே அதை முடித்துவிடும், வலி அப்புறம்தான் உறைக்கும். சேதியே வராதபோது தண்டுவடம் என்ன செய்யும்?

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி என்று வெளியே கிளம்பும் நரம்புகள் புற மண்டலம். அப்பத்தாவுக்கு மையத்தில் ஒரு பழுதும் இல்லை. யார் கல்யாணத்தில் என்னென்ன சாமான் பரப்பினார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்கிறார்கள். சர்க்கரை கெடுத்திருப்பது புற நரம்புகளை.

கால் பெருவிரலின் தொடு உணர்வைச் சுமக்கும் செல், இடுப்புப் பக்கம் முதுகெலும்பை ஒட்டி, தண்டுவடத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு செல்லின் இழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இறங்கி விரல்நுனி வரை வருகிறது. இழைக்கு வேண்டிய சத்தில் பெரும்பகுதியைச் செல்தான் செய்து அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்காக ஏறி நின்றால் இழையும் கெடும், அதற்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாயும் கெடும். நீளமான இழைதான் முதலில் மாட்டும். கண்மாயில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தானே முதலில் காய்கிறது? அதனால்தான் கை இன்னும் நன்றாக இருக்கிறது, கோலத்தில் ஒரு இழைகூடப் பிசகுவதில்லை.

டாக்டர் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து, அது வில்லாக வளையும்வரை அழுத்தினார். அப்பத்தா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் தொடலையே தம்பி" என்று காத்திருந்தார்கள். எனக்கு நெஞ்சு அடைத்துப் போயிற்று.

பிறகு எப்படி நடக்கிறார்கள் என்று கேட்பாய். உணர்வைக் கொண்டுவரும் இழை தண்டுவடத்துக்குள் பின்வேர் வழியாக நுழைகிறது, தசைக்கான கட்டளை முன்வேர் வழியாக வெளியேறுகிறது. 1822-ல் மஜாந்தி என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைப் பிரித்துக் காட்டினார். காலுக்குப் போகும் வழியில் இரண்டும் ஒரே நரம்புக்குள் சேர்ந்தே ஓடினாலும், அப்பத்தாவுக்கு உணர்வு இழைதான் அதிகம் அடிபட்டிருக்கிறது, அதனால்தான் இன்னும் நடக்க முடிகிறது.

நம்மைக் கேட்காமலே வேலை பார்க்கும் தன்னியக்க நரம்புகளும் கொஞ்சம் அடிபட்டிருக்கின்றன. பாதத்தில் வியர்வை இல்லாமல் தோல் வெடிப்பது அதனால்தான். எழுந்து நின்றதும் தலை சுற்றுவது, ரத்தக் குழாயைச் சுருக்கும் பரிவு நரம்பு தாமதிப்பதால். நாலு வாயிலேயே "போதும்ப்பா" என்று இலையை மூடுவதற்கு, வயிறு வரை இறங்கும் பத்தாம் மூளை நரம்பான வேகஸ் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். நாம்தான் வயசு என்று விட்டுவிட்டோம்.

போன உணர்வு முழுக்கத் திரும்புவது அரிது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இந்த மரத்துப்போவது காலில் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி நானே இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். வெந்நீர் ஒத்தடம் கூடாது. பிள்ளையார்பட்டி கோயிலுக்கு இனி, தரை சுடாத விடிகாலையில் மட்டும்தான் கூட்டிப்போவேன். சிங்கப்பூரிலிருந்து வரும்போது, வீட்டுக்குள் போட மெத்தென்ற, முன்பக்கம் மூடிய, உள்ளே தையல் உறுத்தாத செருப்பு வாங்கி வா. கால் அளவைத் தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்புகிறேன். போனில் அவர்களிடம் கொப்புளத்தைப் பற்றிக் கேட்காமல், என்ன வடகம் போட்டீர்கள் என்று கேள்.

அன்புடன்,
அப்பச்சி